கார்டில் இன்னொரு பெயர்

"என் தம்பியை வேண்டாம்னு விவாகரத்து வாங்கிட்டுப் போனவளுக்கு எங்கம்மாவோட கார்டு எதுக்கு?"

டாரீன் இதை மரிபெல்லின் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

கொஞ்சம் முன்னால்தான் சூப்பர் மார்க்கெட்டில் பார்த்திருந்தாள். அம்மா வெர்னா தன் சாமானுக்கு ஒரு நீலக் கிரெடிட் கார்டை நீட்டினாள். பின்னால் நின்ற மரிபெல்லும் அதே மாதிரி நீலக் கார்டை எடுத்தாள். "ரெண்டும் ஒரே அக்கவுண்ட்தான்" என்று அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

அம்மா வீட்டுக்குள் நுழைந்ததுமே கேட்டுவிட்டாள்.

"டாரீன், அது வந்து..." என்று ஆரம்பித்தாள் வெர்னா.

"இருக்கட்டும்மா" என்று மரிபெல் அவளை மறித்தாள். விவாகரத்துக்கு அப்புறமும் அவளுக்கு வெர்னா அம்மாதான்.

"என்ன இருக்கட்டும்? இவ பாட்டுக்குக் கடை கடையா தேய்ப்பா, பில்லை நீ கட்டணும். நாளைக்கே இவ கம்பி நீட்டிட்டா, பேங்க்காரன் உன் கழுத்தைத்தான் பிடிப்பான். இவ பேரை எதுக்கும்மா உன் கார்டுல சேர்த்த?"

"நீங்க சொல்றது சரிதான் டாரீன். கார்டு விஷயத்துல ஜாக்கிரதையாத்தான் இருக்கணும்" என்றாள் மரிபெல். கோபப்படவே இல்லை. அழுக்குத்துணிக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "கீழ பொது வாஷிங் மிஷின் காலியா இருக்கும்போதே போட்டுட்டு வந்துடறேன்." கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள். கூடையில் இருந்தது முழுக்க வெர்னாவின் துணி.

"பார்த்தியா, நழுவிட்டா" என்றாள் டாரீன். "அந்தக் கார்டைக் கொடும்மா."

"எதுக்குடி?"

"கொடேன்."

கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மேஜை மேல் வைத்தாள். வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கணவர் ஸ்டான் இறந்துபோன பிறகு, பெரிய வீட்டை விற்றுவிட்டு அவள் குடிவந்த இடம் இது. இந்த டொலிடோ ஊரிலேயே இந்த ஜன்னல் மாதிரி இன்னொன்று கிடையாது என்பாள்.

பேங்க் பெண் லைனில் வந்தாள். வெர்னா தன் பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னாள். மீதியை டாரீன் பார்த்துக்கொண்டாள்.

"எங்கம்மா அக்கவுண்ட்ல இன்னொருத்தர் பேரு இருக்கு. அதை உடனே எடுக்கணும்."

கொஞ்ச நேரம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மன்னிக்கணும் மேடம். யாரையாவது நீக்கணும்னா கார்டுக்குச் சொந்தக்காரங்கதான் எங்களைக் கூப்பிடணும்."

"சொந்தக்காரங்கதான் இங்க உட்கார்ந்திருக்காங்களே!"

"இல்லை மேடம். உங்க அம்மா இந்தக் கார்டுல சேர்க்கப்பட்டவங்க. வேணும்னா அவங்க பேரை மட்டும் நான் எடுக்கலாம். எடுத்துடட்டுமா?"



"வேண்டாம்மா, எடுத்துடாதே!" என்று வெர்னாதான் அவசரமாகக் குனிந்து சொல்லி, ஃபோனை வைத்தாள்.

"என்னம்மா இது?"

"அப்பா இருந்தவரைக்கும் வீடு, கார், கார்டு எல்லாமே அவர் பேருலதானே? என் பேருல ஒண்ணுமே இல்ல. இந்த வீட்டுக்கு வாடகைக்குக் கேட்டா, கடனை ஒழுங்கா கட்டறவளான்னு காட்டற கிரெடிட் ஸ்கோர் எங்கேன்னாங்க. இத்தனை வயசுக்கு நான் யாருக்கும் கடன் வச்சதில்லைன்னேன். அதனாலதான் ஸ்கோர் இல்லைன்னுட்டாங்க." வெர்னாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மரிபெல்தான் அவ கார்டுல என் பேரைச் சேர்த்தா. அவ ஒழுங்கா பில் கட்டக் கட்ட, எனக்கும் ஸ்கோர் ஏறிச்சு. வீடும் கிடைச்சது. நான் வாங்கறதுக்குப் பணத்தை அவ கையில கொடுத்துடறேன்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? பாவம், அவளை எப்படித் திட்டினேன்!"

"நான் சொல்லத்தான் வந்தேன். என் மானம் போகக்கூடாதுன்னு அவ மறிச்சுட்டா. எனக்கும் உன் முன்னாடி, அவ தயவுல இருக்கேன்னு சொல்ல வாய் வரல."

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். டாரீன் ஓடிப்போய்த் திறந்தாள். கையில் காலிக் கூடையோடு மரிபெல்.

"என்ன, என் பேரை எடுத்தாச்சா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

டாரீன் கூடையை வாங்கிக்கொண்டாள். "உள்ள வா. அந்த ஜன்னல் பக்கத்து நாற்காலில உட்காரு. நான் காபி போடறேன்" என்றாள்.

மரிபெல் அவளையும் வெர்னாவையும் மாறி மாறிப் பார்த்தாள். போய் உட்கார்ந்தாள்.

அடுப்படியில் அம்மாவும் மகளும் மட்டும். டாரீன் மெதுவாகக் கேட்டாள்:

"இருந்தாலும், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா? நான் சேர்த்திருக்க மாட்டேனா?"

வெர்னா மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தாள். மகளின் கன்னத்தைத் தட்டினாள்.

"உன்கிட்ட கேட்டேன்டி, என் பேரை உன் கார்டுல சேர்த்துக்கறியான்னு. அப்பாவை அடக்கம் பண்ணிட்டு வந்து, இதே மாதிரி அடுப்படியில பாத்திரம் கழுவிக்கிட்டு நின்னோம். 'குடும்பத்துக்குள்ள பண விஷயமெல்லாம் வேண்டாம்மா, உறவு கெட்டுடும்'னு சொன்ன. பக்கத்துல தட்டு துடைச்சுக்கிட்டிருந்தா மரிபெல். அவகிட்ட நான் கேட்கவே இல்ல."