யார் வீட்டு ஊசி?

“உங்க வீட்டுல யாராச்சும் சுகருக்கு ஊசி போட்டுக்கறாங்களா?”

பதினோராவது வீட்டு வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டாள் விசிலக்கா. தினமும் விசில் ஊதிக்கொண்டு குப்பை வண்டி தள்ளி வருகிறவளுக்குத் தெரு வைத்த பெயர் அது. வலது கட்டைவிரலில் பெரிய கட்டு போட்டிருந்தாள்.

மாடிவீட்டம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். “எங்க வீட்டுல யாருக்கும் ஒரு வியாதியும் கிடையாது. சமைக்கற நேரத்துல வந்து என்ன கேள்வி இது?”

“கோவிச்சுக்காதீங்கம்மா. குப்பையைப் பிரிக்கறப்ப காலையில ஊசி குத்திடுச்சு. இந்த மாசத்துல இது மூணாவது தடவை.”

“அதான் கையுறை குடுக்கறாங்கல்ல?”

“குடுத்தாங்க. போன வருஷம்.”

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. விசிலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் வீட்டு அழுக்கை அள்ளத்தான் அவள் வேண்டும், அவளுக்கு ஒன்று என்றால் வாய் திறக்க மாட்டார்களா?

ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது காதிலேயே நின்றது. “இன்சுலின் ஊசி மாதிரி இருக்கு. யாருதுன்னு தெரிஞ்சா அவங்க ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். தெரியலேன்னா ஒரு மாசம் மாத்திரை சாப்பிடணும். உங்களுக்கு ஒண்ணும் ஒட்டலைன்னு உறுதியாச் சொல்ல மூணு மாசத்துக்கு மேல ஆகும்.”

மூன்று மாதமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டுமா?

அடுத்த வீட்டு வாத்தியார் மட்டும் காது கொடுத்துக் கேட்டார். “வண்டியில எங்க கிடந்தது?”

“மூணு தடவையும் டிரம்முக்கு அடியிலதான் சார். பேப்பர்ல சுத்தி, அத்தனை குப்பைக்கும் கீழ கிடக்குது. நான் அந்தப் பக்கம் திரும்பறப்ப கையை விட்டு ஒளிச்சு வைக்கறாங்கன்னா எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க! ஒரு டப்பாவுல போட்டு மூடிக் குடுத்தா, ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டேனா?”

“நியாயம்தான். ஆனா எனக்கு பிரஷர் மாத்திரை மட்டும்தாம்மா.”

இருபத்திரண்டு வீட்டிலும் கைவிரித்துவிட்டார்கள். இரண்டு வீட்டில் சண்டைக்கே வந்துவிட்டார்கள். போதும் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு.

வீட்டுக்கு வந்து, வழக்கம்போல் வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்தினாள். நைட் வாட்ச்மேன் வேலை பார்க்கும் கணவர் அப்போதுதான் தூங்கி எழுந்து, வீட்டுக் குப்பைக் கூடையோடு வெளியே வந்தார். அவள் கையைப் பார்த்ததும் பதறிப்போனார்.

“என்னம்மா இது, இவ்வளவு பெரிய கட்டு?”

வேலையை விடச் சொல்லிவிடுவாரோ என்று முதல் இரண்டு தடவை மூச்சு விடாமல் இருந்தவள், இன்று கொட்டித் தீர்த்துவிட்டாள். ஊசி, டாக்டர், மூன்று மாதம், முகத்தில் அடித்தாற்போல் சாத்திய கதவுகள் என்று ஒன்றையும் விடவில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“எந்தப் புண்ணியவான்னு தெரியலைங்க. நல்லா இருப்பானா அவன்? அவன் கை விளங்காமப் போகணும்!”

வண்டி டிரம்மில் கொட்டப் போன கூடையைக் கணவர் அப்படியே கீழே வைத்தார்.

“சாபம் விடாதேம்மா... உனக்குத் தெரியாம ஆறு மாசமா சுகருக்கு ஊசி போட்டுக்கறது நான்தான்.”