டாக்டர் சொன்ன பயிற்சி

நாச்சிமுத்து பாயில் மல்லாந்து படுத்து, வலது முழங்காலை மெல்ல மடக்கி நெஞ்சோடு சேர்த்தார். முதுகுவலிக்கு இதுதான் மருந்து என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

“வேலாத்தா, ஃபேனைப் போடு.”

மனைவி தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டுப் போட்டாள்.

“தலகாணி ஒண்ணு வெய்யி.”

குனிந்து வைத்தாள்.

“ஏனுங்க, தறிக்கொட்டாய் வாசல்ல நூல் மூட்டை வந்து கெடக்குது. தூக்க ஆளு வரலீங்க.”

“எக்சசைஸ் பண்றப்ப பேசுனா மூச்சுத் தப்பிப்போயிரும். நீயே உள்ள இழுத்துப் போட்டுரு.”

அவள் மூட்டையை இழுக்கப் போனாள். அவர் இடது காலுக்கு மாறினார்.

மறுமாதம் இருவரும் டாக்டரிடம் போனார்கள்.

“எக்சசைஸ் தினமும் நடக்குதுங்களா?”

“ஒரு நாள் உடாம நடக்குதுங்க!” நாச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்தினார்.

டாக்டர் வேலாத்தாளின் பக்கம் திரும்பினார். “அப்புறமும் ஏம்மா உங்களுக்கு முதுகுவலி கொறையவே இல்ல?”

அவள் வாயைத் திறக்குமுன் நாச்சிமுத்து முந்திக்கொண்டார்.

“இவளுக்கு எங்கீங்க டாக்டர் நேரம்? நீங்க சொன்னது வீணாப் போயிரக்கூடாதுன்னு, இவளுக்குப் பதிலா நானே செஞ்சுபோடறனுங்க.”