நம்ம பய

தையல்காரி செண்பகவல்லியின் தலைக்குள் ஊசி வழியாக இறங்கியபோது குருத்துக்கு உயிர் கையில் இல்லை. குருத்து, ஆய்வகத்தில் வளர்ந்த ஒரு குட்டி நரம்பு செல். அவளுடைய கை நடுக்கத்தை நிறுத்த அனுப்பப்பட்டவன். இதற்கு முன் இப்படிப் போன அவன் சொந்தங்களில் பத்துக்கு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

ஊசி கிழித்த இடம் ரணமாகக் கிடந்தது. மூளையின் காவல் செல் கொதித்துப்போய் ஓடிவந்தது.

"யார்றா வீட்டை உடைச்சது? நீதானே?"

குருத்து வாயைத் திறக்கும் முன், கூடவே வந்த வெள்ளணு குறுக்கே போய் நின்றது. செண்பகவல்லியின் ரத்தத்திலிருந்தே எடுத்து, அவனுக்குத் துணையாக அனுப்பிய அணு அது.

"அண்ணே, என்னைத் தெரியுதா?"

"நம்ம வீட்டு ஆளாச்சே! இவன்கூட உனக்கென்ன வேலை?"

"உடைச்சது ஊசி. அது அப்பவே போயிருச்சு. கையில கிடைச்சவனைப் போட்டு அடிச்சா, உடைஞ்சது சரியாயிடுமா?"

காவல் செல் முறைத்தது, முனகியது, கடைசியில் ஓங்கிய கையை இறக்கியது. வெள்ளணு நகராமல் காவலுக்கே காவல் இருந்தது. மாதங்கள் போகப் போக, குருத்து இழை இழையாக நீண்டு பக்கத்து நரம்புகளைத் தொட்டான்.

ஒரு நாள் காலையில் காவல் செல் அலறியது. "டேய், மறுபடியும் ஊசிடா!"

"பதறாதீங்கண்ணே," என்றான் குருத்து. "இந்தத் தடவை அது அவங்க கையில இருக்கு."

செண்பகவல்லி நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கினாள். கை ஆடவில்லை. ஒரே தடவையில் நூல் ஊசிக்காதுக்குள் போனது.

"பாத்தீங்களாடா நம்ம பய வேலையை!" என்று முதலில் கத்தியது காவல் செல்தான்.