கணக்குப்படி வந்த பணம்

சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்ததில் சென்னியப்பனுக்கு இரண்டு கண்களும் போயின. ஓய்வூதியம் கேட்டுப் போட்ட வழக்கு ஆறு வருடம் இழுத்தது. அதுவரை தாலுகா ஆபீஸில் மாதாமாதம் கொடுத்த உதவித்தொகையில்தான் குடும்பம் ஓடியது. கடைசியில் தீர்ப்பு சாதகமாக வந்து, ஆறு வருட ஓய்வூதியமும் மொத்தமாக பேங்கில் ஏறியது. மறுவாரமே தாலுகா ஆபீஸில் கூப்பிட்டு, வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள்.

"அது வருமானம் இல்லாதவங்களுக்குக் குடுக்கற பணமுங்க" என்றார் அலுவலர். குரலில் கடுமை இல்லை.

"எனக்கு அப்ப வருமானம் இல்லீங்களே."

"இப்ப நிலுவை வந்துருச்சில்லீங்களா? கணக்குப்படி பார்த்தா அந்த ஆறு வருசமும் உங்களுக்கு மாசாமாசம் பணம் வந்திருக்குங்க."

சென்னியப்பனுக்கு வாதாடத் தோன்றவில்லை. மனைவி பாவாயி விரலைப் பிடித்து வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். கட்டியது போகக் கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கேட்டியா பாவாயி, இத்தனை வருசமும் நாம இல்லாதப்பட்டவங்களே இல்லையாமா."

பாவாயி சிரிக்கவில்லை.

"அப்புறம் எதுக்குங்க நம்ம புள்ளை கோதையைப் பத்தாவதோட நிறுத்தி ரெண்டாந்தாரமாக் குடுத்தோம்?"

சென்னியப்பன் அவள் கையைத் தேடித் துழாவினார். அவள் ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தாள்.