பாதிச் செய்தி

"உனக்கெல்லாம் செக்கிங் வேலை எந்தப் புண்ணியவான் குடுத்தான்?"

வேலை முடிந்து வந்த மனைவியிடம் டிரைவர் கேட்டார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு முகம் கழுவப் போனாள். தையல் கம்பெனியில் அவளுக்கு வேலை. தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிக்க வேண்டும்.

"கீழே தச்சர் என்னவோ செய்யறார்னு நீதானே சொன்னே? என்னன்னு கேட்டா 'நீளமா இருக்கு'ங்கிறே. கட்டிலா, பெஞ்சா?"

"சக்கரம் இருக்குங்க."

"எத்தனை சக்கரம்?"

"எண்ணலையே."

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் வாசலைத் தாண்டி மாதக்கணக்காகிறது. அவர் ஓட்டிய பஸ் பள்ளத்தில் சாய்ந்ததில் பயணிகள் சிராய்ப்போடு தப்பினார்கள், இவருக்குக் கால் முறிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, மனசுதான் சேரவில்லை. நடந்தால்தான் கால் பழையபடி ஆகும் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். மனைவி கெஞ்சிப் பார்த்தாள். "நாலு பேர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்.

ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்தான் தெரியும். கீழே பட்டறையில் தச்சர் தட்டுகிற சத்தம் மட்டும் நாள் முழுக்கக் காதில் விழும்.

மறுநாள் அவளே ஆரம்பித்தாள்.

"அது பஸ்ஸாம்ங்க. மர பஸ். ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஏறி விளையாடவாம்."

டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். "பஸ்ஸா? ஸ்டியரிங் வெச்சிருக்காரா?"

"வெச்சிருக்கார்."

"எப்படி? சாய்வாவா, படுக்கையாவா?"

"அதெல்லாம் யாருங்க பார்த்தா?"

தம்பியைப் பார்க்க வந்திருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"முடங்கிக் கிடக்கிறவன் ஆசையாக் கேட்கிறான். வர்ற வழியில நின்னு ஒழுங்காப் பார்த்துட்டு வந்து சொன்னா குறைஞ்சா போயிடுவே? கட்டின புருஷன் மேல இவ்வளவு அசட்டையா!"

"கவனிக்கலை அண்ணி."

அவள் தலை குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது வெங்காயத்தாலா என்று யாரும் கேட்கவில்லை.

"சரி, கண்ணாடியாவது இருக்கா?" டிரைவர் விடுவதாக இல்லை.

"எந்தக் கண்ணாடிங்க?"

"பஸ்ஸுக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி வேணாமா? பின்னாடி வர்றவனை டிரைவர் எப்படிப் பார்ப்பான்?"

"இருந்த மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

"உன்கிட்ட கேட்கிற நேரத்துக்கு நானே போய்ப் பார்த்துட்டு வந்திருப்பேன்!"

சொன்ன வேகத்தில் சட்டையை மாட்டிக்கொண்டார். அக்கா வாயைத் திறந்தாள். மனைவி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதியில் நின்றார். திரும்பிவிடலாமா என்றிருந்தது. கீழே உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"கண்ணாடி இல்லாம ஒரு பஸ்ஸாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கைப்பிடியைப் பற்றி மிச்சப் படிகளையும் இறங்கிவிட்டார்.

பட்டறையில் சிவப்பாக, இடுப்புயரத்தில் நின்றது பஸ். பார்த்ததும் டிரைவருக்குக் கோபம் வந்தது.

"என்ன தச்சரே, ஸ்டியரிங்கை இப்படியா சாப்பாட்டுத் தட்டு மாதிரி படுக்க வைப்பாங்க? கண்ணாடி எங்கே?"

"வாங்க டிரைவர் சார்! இனிமேதான் மாட்டணும். எப்படின்னு நீங்கதான் சொல்லுங்களேன்."

டிரைவர் மெல்லக் குனிந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். பிடித்த கையை எடுக்க மனசு வரவில்லை. கண்ணில் நீர் கோத்தது. அதை மறைக்கப் பேச்சை மனைவி பக்கம் திருப்பினார்.

"என் வீட்டுக்காரி தினமும் இந்த வழியாத்தான் வர்றா. சக்கரம் எத்தனைன்னு எண்ணக்கூட அவளுக்குத் துப்பு இல்லை."

"யாரு, அவங்களா?" தச்சர் சிரித்தேவிட்டார். "பின்சக்கரம் நூலளவு ஏறியிருக்குன்னு என்னைக் கழட்டி மாட்ட வெச்சதே அவங்கதான் சார். சாயந்திரம் வந்தா, ஆணி வரைக்கும் ஒண்ணு விடாம பார்ப்பாங்க. அப்புறம், 'இன்னைக்கு அவர்கிட்ட எதைச் சொல்லாம விடலாம், அண்ணே?'ன்னு கேட்டுட்டுத்தான் படியேறுவாங்க."