ஆளை எடைபோடும் ஐயா

மேஜைமேல் கிடந்த பழைய போன், தன்னிடமிருந்த பெயர்களையெல்லாம் புதுப் போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சிம்மை ஏற்கெனவே மாற்றிக் கொடுத்திருந்த பக்கத்து வீட்டு அழகேசன், வேதநாயகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"பிளம்பர் வரமாட்டான், எடுக்காதே, எடுக்காதே ரெண்டு... இதெல்லாம் ஒரு பேராண்ணே?" என்றது புதுசு.

"எங்க ஐயா வேதநாயகம் வெச்ச பேரு தம்பி. ஆளை எடைபோடுறதுல எமகாதகர். அவரோட இருந்து எனக்கும் அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒட்டிக்கிச்சு" என்று பழசு பெருமையில் சூடேறியது.

எல்லாப் பெயரும் போய்ச் சேர்ந்ததும் வேதநாயகம், "உங்களுக்கே ஒரு கால் போட்டுப் பார்க்கிறேன்" என்று புதுப் போனிலிருந்து அழகேசனைக் கூப்பிட்டார்.

மேஜையில் இருந்த அழகேசனின் போன் ஒளிர்ந்தது. திரையில், 'அறுவை, எடுக்காதே' என்று வந்தது.

அழகேசன் அதை வெடுக்கென்று கவிழ்த்துப் போட்டார். "ரிங் ஜோரா போகுது சார்!"

புதுசு மெல்லக் கேட்டது: "அண்ணே, அது நம்ம நம்பர்தானே?"

பழசு, சிம் போய்க் காலியான தன் வயிற்றை நினைத்து நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

"நம்ம நம்பர் இல்ல தம்பி. இப்ப அது உன் நம்பர்."