விரல் கண்ட ஆறு

பார்வையற்றோர் பள்ளியின் ஏழாம் வகுப்பில், மேசைமீது கிடக்கும் அட்டை வரைபடத்தில் ஜன்னல் வெயில் சாய்ந்து விழுகிறது. ஒவ்வொரு சம உயரக் கோட்டுக்கும் ஓர் அட்டை என்று வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நாட்டின் மலைகளை எழுப்பியிருக்கிறார் புவியியல் ஆசிரியை. விரலில் காய்ந்த பசையைச் சுரண்டியபடி, இது பிள்ளைகளுக்குப் பிடிபடுமா என்ற கவலையோடு நிற்கிறார். வகுப்பே வாயாடி என்று கூப்பிடும் சிறுமி இரண்டு கைகளாலும் மெல்லத் தடவுகிறாள். “இந்தப் பக்கம் படியெல்லாம் குறுகலா இருக்கு டீச்சர், ஏறினா மூச்சு வாங்கும். அந்தப் பக்கம் நல்ல அகலம், சைக்கிளே விடலாம்.” பின்வரிசையில் சிரிப்பு கிளம்புகிறது. அவள் விரல் உச்சியிலிருந்து இறங்கி, இரண்டு மலைகளுக்கு நடுவே நுழைந்து, வளைந்து வளைந்து தாழ்ந்து போகிறது. சட்டென்று நிற்கிறது. “மழை பெஞ்சா தண்ணி இப்படித்தானே ஓடும்? இங்க ஒரு ஆறு இருக்கணுமே டீச்சர். வைக்க மறந்துட்டீங்களா?” நாளை ஒட்டலாம் என்று ஆறுகளுக்கான நூல்கண்டை ஆசிரியை அலமாரியில் வைத்திருக்கிறார், நாட்டின் பெரிய ஆறு ஓடுவதும் இதே வழியில்தான். “மறக்கலடி! நான் சொல்லாமலே நீ கண்டுபிடிச்சுட்ட” என்கிறார், அடுத்த வகுப்புக்கும் கேட்கும் குரலில். வாயாடி நிமிர்ந்து உட்காருகிறாள். பக்கத்துத் தோழியின் கையைப் பிடித்து உச்சியில் வைக்கிறாள். “வா, கடல் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்.”